மீன் படம் போட்ட டிரம்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி வண்டிகளுக்குச் சின்னச் சின்ன கிளிப்புகளும் ஸ்பிரிங்குகளும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கிளிப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. இரும்பு எவ்வளவு, மேலே பூசிய முலாம் எது, ஈயம் இருக்கிறதா, காட்மியம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வாடிக்கையாளரின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் திரை சிவப்பாகி முறைக்கும். நகத்தளவு கிளிப்புக்கு இத்தனை பவிசா என்று எனக்கு எரிச்சலாக வரும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் கார் வாங்கி, ஓட்டித் தேய்த்து, கடைசியில் உடைத்துப் போடும்போது அவர் ஊர் மண்ணும் தண்ணீரும் கெட்டுவிடக் கூடாதாம். அதற்காக நான் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் போயிருந்த காலம் அது. அப்போது எனக்கு ஐந்து மாதம்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஷிப்டு பார்த்தார். ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி, தொழிற்பேட்டை ஆட்களுக்கென்றே வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். குளிர்ச்சியான ஊர் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தார். குளிர்ச்சிக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் இல்லை. குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்தால் ஒரே மூச்சில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் அதுதான். அதனால் லைனில் எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிற்கும். புது டிரம் வாங்குகிற ஆள் அங்கே யாருமில்லை. கம்பெனிகளுக்கு ஏதேதோ நிரப்பி வந்து, காலியானதும் பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேரும் டிரம்தான் எல்லாருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா உத்தனப்பள்ளிக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், வாடகை வாங்க வரும் அம்மாவிடம் கன்னடம் என்று நிமிஷத்துக்கு ஒரு பாஷை பேசுவார். அவர் வீட்டில் அதுவரை எல்லாரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கினார். நாங்கள் குடிவந்த வாரமே என்னைக் கையோடு பழைய சாமான் கடைக்குக் கூட்டிப் போனார். டிரம் விஷயத்தில் அந்த லைனுக்கே அவர்தான் அதிகாரி. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். விரலை மடக்கித் தட்டிக் காது கொடுப்பார். கடைசியில் லேபிளைத் தேடுவார். லேபிள் இருந்தால் வெளிநாட்டு டிரம், கனமான பிளாஸ்டிக், வருஷக்கணக்கில் உழைக்கும் என்பது அவர் கணக்கு. அந்த லேபிளில் ஆரஞ்சுக் கட்டத்துக்குள் கறுப்பாக ஒரு மீனும் பக்கத்தில் ஒரு மரமும் போட்டிருந்தால் அந்த டிரம்மை விட்டு நகரவே மாட்டார்.

"மீனு அடைச்சு வந்த டிரம்மு இது கண்ணு. திங்கற சாமான் வந்ததுதான் குடிக்கற தண்ணிக்கு நல்லது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மீன் வாடையே இல்லையே என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரன் சுத்தமாக அடைப்பான், நம்ம ஊர் கருவாட்டுக் கூடையா இது என்றார். லைன் முழுக்க இதே நம்பிக்கைதான். கோடி வீட்டில் இருந்த சைவக் குடும்பம் மட்டும் மீன் டிரம்மை வாசலில்கூடச் சேர்க்கவில்லை. எப்படியோ தேடி, சமையல் எண்ணெய் வந்த டிரம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆசாரம் பார்த்துக்கொண்டு பிசுக்கு டிரம்மைக் கட்டி அழுகிறார்களே என்று அக்கா சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். எங்கள் டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, பொட்டு வைத்து, முதல் தண்ணீர் பிடித்தோம். லேபிளை யாரும் உரிப்பதில்லை. உரித்தால் மட்டமான டிரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முலாம் பூசும் இடத்தில் பயன்படுத்தும் ரசாயனங்களைப் பற்றியும் ஏற்ற வேண்டும் என்று ஒரு நாள் வாடிக்கையாளரிடமிருந்து உத்தரவு வந்தது. இணையதளத்தில் புதிதாக ஒரு பக்கம் திறந்தது. மேலே வரிசையாக ஆரஞ்சுக் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். தீ, மண்டை ஓடு, கையை அரிக்கும் திராவகம். கடைசிக் கட்டத்தில் மீனும் மரமும் இருந்தன.

அந்த மீன் வயிறு மேலே தெரியச் செத்துக் கிடந்தது. மரத்தில் ஒரு இலை இல்லை. தினமும் வாசலில் பார்த்த படம்தான், ஆனால் நான் அதைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆற்றில் கலந்தால் அதில் உள்ள உயிர்களைக் கொல்லும் பொருள் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்தேன். காலையில் அந்த டிரம்மில்தான் மொண்டு ஊற்றிக் கொண்டுவந்திருந்தேன். மூடியைத் திறக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் டிரம் முன்னால் உட்கார்ந்து லேபிளைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தது. மீதியில் மருந்துப் பெயர் மாதிரி ஒன்றும், ஒரு எண்ணும், ஒரு இணைய முகவரியும் இருந்தன. அவற்றை மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டினேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் தட்டினேன். அது நிக்கல் முலாம் பூசும் கரைசல். அதற்கான தகவல் தாள் பக்கம் பக்கமாக விரிந்தது. கிழிந்து போன பாதியில் மண்டை ஓடு இருந்திருக்க வேண்டும். கரண்டு கம்பத்தில் பார்த்துப் பார்த்து மண்டை ஓடு எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் மிஞ்சியிருந்தால் அக்கா அந்த டிரம் பக்கமே போயிருக்க மாட்டார்.

முதலில் எல்லாம் எழுத்தும் எண்ணுமாகத்தான் இருந்தது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மேலும் கீழும் போய் ஒன்றொன்றாகச் சேர்த்துப் படித்தேன். அதில் ஒன்று, பிறக்காத குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்றது.

அந்த வரியைப் படித்ததும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே அசைவே இல்லை. அந்த நேரத்தில் அது தூங்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மனசு கேட்கவில்லை. தட்டிப் பார்த்தேன். எழுந்து நடந்து பார்த்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். ஒரு சின்ன உதை விழுந்த பிறகுதான் வெளியே வந்தேன். வந்து உட்கார்ந்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

அந்தத் தாள் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தது. தரையில் கொட்டினால் எதைப் போட்டு உறிஞ்ச வேண்டும், எந்தக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை மீன் எவ்வளவு நேரத்தில் சாகும் என்பதுவரை சொன்னது. காலி டிரம்மை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. பயன்படுத்திவிட்டால் என்ன ஆகும்? புளி போட்டுக் கழுவிய டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரி மாதக்கணக்கில் குடித்திருந்தால் என்ன ஆகும்? அது எந்தப் பக்கத்திலும் இல்லை. டிரம்மை முதலில் திறக்கிறவனுக்காக எழுதிய தாள் அது. கடைசியில் வாங்குகிறவளை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அந்த டீயும் டிரம் தண்ணீர்தான். அவர் சுலபத்தில் பதறுகிறவர் இல்லை. "கழுவித்தான வச்சோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து வாசலுக்குப் போனார், நிறைந்திருந்த டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டார். தண்ணீர் லைன் முழுக்க ஓடியது. அவரே அப்படிச் செய்ததைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விட்டது.

எங்கள் லைனில் தண்ணீரைக் கொட்டுவது என்பது சோற்றைக் காலால் தள்ளுவதற்குச் சமம். எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து முதலில் எங்களைச் சமாதானப்படுத்த வந்தார்கள். சண்டை இல்லை என்று தெரிந்ததும் திட்ட ஆரம்பித்தார்கள். நான் நடுவில் நின்று, அந்த மீன் செத்த மீன், அந்த மரம் பட்ட மரம், அது திங்கிற மீன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை. பிள்ளைத்தாச்சி எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள், மந்திரித்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அந்தக் கரைசலின் பெயரைச் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. கண்டதையும் நெட்டில் படிக்காதே, படித்தால் பயம்தான் வரும் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படிக்காமல் இருந்தபோதுதானே குடித்தேன்.

லேபிளில் இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என் ஆங்கிலத்தில் எவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மரியாதையாகக் கேட்டேன். பதில் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் பொருள் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே விற்கப்படுகிறது, வீட்டு உபயோகத்துக்கு அல்ல, மேற்கொண்டு விவரங்களுக்கு உங்களுக்கு விற்றவரை அணுகவும் என்றிருந்தது. எனக்கு விற்றவர் பழைய சாமான் கடைக்காரர். அதைப் படித்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், சிரிப்பு பாதியில் அழுகையானது.

அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. லைனில் ஒவ்வொரு வீட்டிலும் மீன் டிரம் நின்றது. குழந்தைகள் அதில் டம்ளரை விட்டு மொண்டு குடிப்பதைத் தினமும் பார்த்தேன். தகவல் தாளைத் தமிழில் எழுதி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நிக்கல், நச்சுத்தன்மை, நீர்வாழ் உயிரினம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா மட்டும் கடைசிவரை கேட்டார். அன்று தண்ணீரைக் கொட்டியதிலிருந்து அவர் முகம் சரியில்லை. லைன் முழுக்க டிரம் தேர்ந்து கொடுத்தவர் அவர்தானே.

"இத்தினியும் எனுக்கு எதுக்கு கண்ணு? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, அதை மட்டும் சொல்லு."

எனக்கு அது சுருக்கென்று பட்டது. நான் வேலை பார்த்த இணையதளத்தில் எத்தனையோ கட்டங்கள் இருந்தன. இந்த ஒரு கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. யோசித்துப் பார்த்தேன், எவ்வளவோ சுருக்கினேன். கடைசியில் மிஞ்சியது ஒரே வரி. மீன் படம் இருந்தால் வாங்காதீர்கள்.

அது பற்றிக்கொண்டது. அக்கா அதைத் தெலுங்கில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார், கம்பெனி கேன்டீனில் சொன்னார், ராயக்கோட்டை பஸ்ஸில் தக்காளிக் கூடைக்காரர்களிடம் சொன்னார். எங்கள் லைனிலும் பக்கத்து லைன்களிலும் மீன் டிரம்களைக் குளிக்கிற தண்ணீருக்கு மாற்றினார்கள், சிலர் குப்பைக்கு வைத்துக்கொண்டார்கள். நாங்கள் ஊரிலிருந்து பித்தளைக் குடங்களை வரவழைத்து, இருக்கிற இடத்தில் அடுக்கி வைத்துச் சமாளித்தோம். கோடி வீட்டு அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் லேசாகப் புன்னகைத்துவிட்டுப் போவார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். பெருமையோடு பெருமையாகப் பயமும் இருந்தது. பிறர் வீட்டுத் தண்ணீரை மாற்றிவிட்டேன், நான் ஏற்கனவே குடித்ததை என்ன செய்வது என்று அது குடைந்துகொண்டே இருக்கும்.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கையில் கொடுத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் முதலில் விரித்துப் பார்த்தேன், பிறகு காது, உதடு, முதுகு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ராஜாத்தி மாதிரி இருக்கிறாள் என்று அக்கா திருஷ்டி கழித்தார். வெளியே தெரிவதெல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதோ என்று என் மனசு அடங்கவில்லை. தாமதமாகச் சிரித்தால் பயம், தும்மினால் பயம், கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். மற்ற அம்மாக்கள் பயப்படுவதில்லையா என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர்கள் பயத்துக்கு ஒரு பெயரும் எண்ணும் கிடையாது என்பேன்.

குழந்தை குப்புற விழுந்து தவழப் பார்க்கும் சமயம் கோடை வந்தது. குழாய் இன்னும் மோசமானது, குடங்கள் போதவில்லை. வேலைக்குத் திரும்பியிருந்தேன், பகலில் குழந்தையை அக்காதான் பார்த்துக்கொண்டார். அவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் வீட்டில் இருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும், வீட்டுக்குப் போகிற வழியில் டிரம் பார்க்கலாம் என்று பழைய சாமான் கடையில் இறங்கினேன். நமக்குத்தான் படம் தெரியுமே என்ற துணிச்சல்.

கடை முன்னால் நீல டிரம்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் நனைத்த சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். கடைக்காரரின் மனைவி சாக்கை விலக்கி, ஊறிய லேபிளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் பசையைத் துடைத்தார். துடைத்த டிரம் புதுசு போலப் பளபளத்தது. அவர் காலடியில் ஆரஞ்சுத் துணுக்குகள் குவிந்து கிடந்தன. சிலதில் வால் மட்டும் தெரிந்தது, சிலதில் வயிறு.

ஏன் உரிக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். அவர் ஏமாற்றுகிற ஆள் போலவே பேசவில்லை.

"மீனு படம் இருந்தா ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்கம்மா. எந்த மகராசி கெளப்பி உட்டாளோ தெரியல. உரிச்சுட்டா மறுபேச்சு இல்லாம வாங்கினு போறாங்க."

எதிலெல்லாம் மீன் இருந்தது என்று கேட்டேன். அவர் வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அதெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது, இப்போது எல்லாம் ஒன்றுதான் என்றார். உங்கள் லைனுக்குக்கூட இந்த வாரம் போனதே என்று தானாகவே சொன்னார். கோடி வீட்டுக்காரர் வந்து, மீன் இல்லாத நல்ல டிரம்மாக இரண்டு எடுத்துப் போனாராம். உத்தனப்பள்ளி அம்மாவும் ஒன்று உருட்டிக்கொண்டு போனாராம்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ரோட்டோரமாக ஓடினேன், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். கால்களுக்கு முன்னால் மனசு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு அக்கா தண்ணீர் கொடுக்க மாட்டார், பால் மட்டும்தான் கொடுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பளபளவென்று ஒரு நீல டிரம், கழுத்தில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து. அதன் வயிற்றில் ஒரு சதுரம் மட்டும் வெயில் படாத நிறத்தில் இருந்தது. என் மகள் அவர் மடியில் கிடந்தாள். பாலாடைக் கிண்ணத்தின் மூக்கு அவள் உதட்டில் இருந்தது. நான் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அக்கா எனக்காகவே சேதி வைத்திருந்தவர் போல முகம் மலர்ந்து சொன்னார்.

"மீனு இல்லாத டிரம்மு தண்ணிதான் கண்ணு. நீ சொன்ன மாதிரியே பாத்துதான் வாங்கியாந்தேன். பயப்படாத."

பாலாடையைப் பிடுங்கினேன். அது காலியாக இருந்தது. புடவைத் தலைப்பால் குழந்தையின் உதட்டைத் துடைத்தேன், திரும்பத் திரும்பத் துடைத்தேன். அக்கா ஒன்றும் புரியாமல் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். மகளுக்கு இன்னும் தாகம் தீரவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அடுத்த மடக்குக்காக வாயைத் திறந்தாள்.